தட்டில் இரண்டு போன்

ஐபோனா, ஆண்ட்ராய்டா என்ற கேள்வி எலியேசர் வீட்டில் மூன்று நாளாகக் குடும்ப ஜெபத்துக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபத்தின் நடுவிலும் ஓடியிருக்கும். எலியேசர் கண்ணை மூடினால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம் என்பதால் ஓடவில்லை.

சனிக்கிழமை நிச்சயதார்த்தம். மகன் ஜெர்வினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் அமைந்திருந்தது. பெயர் ஜூடி, வன்னியம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இப்போதெல்லாம் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தோடு பெண்ணுக்கு ஒரு போனும் கொடுக்கிறார்கள். அதிலிருந்து சபையார் முன்னிலையில் அவள் மாப்பிள்ளையை முதல்முதலாக அழைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கில் எலியேசருக்கு மிகுந்த திருப்தி. தம் மகன் பெண்ணின் போட்டோவைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, "நீங்க பார்த்தாச் சரிப்பா" என்று சொல்லிவிட்டான் என்பதை ராஜபாளையத்தில் தம்மைத் தெரிந்த எல்லாரிடமும் அவர் சொல்லியிருந்தார். தெரியாத இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார்.

எலியேசருக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற பதினாறு விசைத்தறிகள் இருந்தன. எந்த ஊரில் யாருக்குக் காயம் பட்டாலும் கட்டுகிற துணி தம் துணியாக இருக்கலாம் என்ற நினைப்பு அவரை எப்போதும் நிமிர்ந்து நடக்க வைத்தது. ஆனால் இந்தப் போன் விஷயத்தில் அவர் கொஞ்சம் குனிந்துதான் யோசிக்க வேண்டியிருந்தது. காரணம் அவருடைய அண்ணன் தனுஷ்கோடி.

போன வருஷம் தனுஷ்கோடி தம் மருமகளுக்கு நிச்சயத்தில் ஐபோன் கொடுத்தார். அந்தப் பெண் ஒரே வாரத்தில் கடைக்குப் போய், பழக்கமில்லை என்று சொல்லி, அதைக் கொடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு வாங்கி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன் பெஞ்சுக்காரரான தனுஷ்கோடி அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்.

"குடுத்த பொருளை மாத்துறதுன்னா என்ன அர்த்தம்? உனக்குக் குடுக்கத் தெரியலன்னு அர்த்தம்" என்றார் எலியேசர். "அது என் வீட்டுக்கு நடக்கக் கூடாது."

மனைவி தங்கபாய்க்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "எது வேணும்னு அந்தப் பிள்ளைகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருவோமே."

"ஏட்டி, கேட்டுக் குடுக்கிறவன் கடைக்காரன். நாம சம்பந்தக்காரங்க."

மகள் வின்சி ஐபோன் கட்சி. மதுரையில் வேலை பார்க்கிறாள்; அண்ணன் நிச்சயத்துக்காக லீவு போட்டு வந்திருந்தாள். ஐபோன் பல வருஷம் உழைக்கும், படம் தெளிவாக விழும், தேவையில்லாத விளம்பரம் வந்து நடுவில் நிற்காது என்று அவள் அடுக்கினாள். எலியேசர் மனதளவில் ஆண்ட்ராய்டு. அதில் திரையின் அடியில் திரும்பிப் போகிற குறி ஒன்று இருக்கிறது. எங்கே மாட்டிக்கொண்டாலும் அதைத் தொட்டுத் தொட்டு அவர் வீடு வந்து சேர்ந்துவிடுவார். மகளின் போனில் அதைத் தேடிக் கிடைக்காமல் ஒரு தடவை வியர்த்துப் போயிருந்தார்.

"திரும்பி வர வழி வைக்காத இடத்துக்குள்ள நான் போறதில்ல" என்றார்.

"ஓரத்துல விரலை வச்சு இழுத்தாத் திரும்பி வரும்ப்பா."

"வாசல்னா கண்ணுக்குத் தெரியணும். சுவரைத் தடவி வாசல் கண்டுபிடிக்கிறது நம்ம பழக்கம் இல்ல."

ஆனால் தம் விருப்பம் வேறு, குடும்ப மரியாதை வேறு என்பதும் அவருக்குத் தெரியும். ஐபோனின் முதுகில் இருக்கிற ஆப்பிளை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் அப்படி ஒன்றும் இல்லை. சென்னையில் இருக்கிற ஜெர்வினைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆண்ட்ராய்டே வாங்குங்கப்பா" என்றான் அவன், யோசிக்காமல்.

"ஏம்லே?"

"சும்மாதான்ப்பா. எல்லாருக்கும் பழக்கமா இருக்கும்ல."

போனை வைத்துவிட்டு எலியேசர் தங்கபாயிடம் வருத்தப்பட்டார். கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளை விஷயத்தில் அடக்கம் இருக்க வேண்டியதுதான். ஆனாலும் இம்புட்டு ஒட்டுதல் இல்லாமல் ஒரு மனுஷன் இருக்கலாமா என்றார்.

கேட்கக் கூடாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பெண் வீட்டுக்குப் போய், போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி, ஜூடியின் சார்ஜரை வாங்கிப் பார்ப்பது. ஐபோனுக்கு வேறு மாதிரி பின் என்பதை மகளின் பழைய போனில் அவர் பார்த்திருக்கிறார். தம் போனில் சேர்ந்தால் ஆண்ட்ராய்டு; சேராவிட்டால் ஐபோன். இதில் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. அதனால் அதை உண்மையாகவே தீர்க்க உட்கார்ந்தார். இரண்டு மணி நேரப் பிரசங்கம் ஒன்றை முழுதாக ஓட விட்டார். அப்படியும் பத்துச் சதவீதம் மிச்சம் நின்றது. டார்ச்சைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். உச்சி வெயிலில் சட்டைப் பைக்குள் விளக்கெரிய உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது நான்கு சதவீதம் இருந்தது.

பெண்ணின் அப்பா சாம்சன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி தனியாக வந்து நின்றதைப் பார்த்து அவர் பதறிப்போனார். உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டு, என்ன விஷயம் என்றார்.

"விஷயம் ஒண்ணுமில்ல. செத்த நேரம் போனைச் சார்ஜ் போடணும்."

சாம்சன் தம் சார்ஜரைக் கொண்டுவந்தார். எலியேசர் அதைப் பார்க்காமலே சேராது என்றார். சாம்சனின் மனைவி ஏசம்மாள் தன்னுடையதை எடுத்து வந்தாள். அதுவும் சேராது என்றார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏசம்மாள் மகள் அறைக்குள் போய் ஒரு வெள்ளை ஒயரோடு வந்தாள். எலியேசர் எழுந்து நின்று அதை இரண்டு கையாலும் வாங்கினார். செருகினார். சேர்ந்தது.

அவர் முகத்தில் வந்த சிரிப்புக்குச் சாம்சனால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து சதவீதம் ஆனதும் எலியேசர் ஒயரை உருவினார், சுருட்டினார், கிளம்பினார். ஏசம்மாள் போட்ட காபி மேஜையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்புட்டுதானா?" என்றார் சாம்சன் வாசலில்.

"அம்புட்டுதான். வாரேன் சம்பந்தி."

வீட்டுக்கு வந்து ஆண்ட்ராய்டு என்று தீர்ப்புச் சொன்னார். வின்சி முழுக் கதையையும் கேட்டாள். போய் அவருடைய சார்ஜரை எடுத்துத் தன் ஐபோனில் செருகினாள். அது சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது.

"இப்ப வர்ற ஐபோனுக்கும் இதே பின்தான்ப்பா."

எலியேசர் அந்த ஒயரை உருவிப் பார்த்தார், திரும்பச் செருகிப் பார்த்தார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, காபி குடிக்காமல் திரும்பியதுதான் மிச்சம்.

மிச்சம் அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை சபை உபதேசியார் பொன்னுராஜ் வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். பெண் வீட்டில் எல்லாரும் கலங்கிப்போய் இருப்பதாகச் சொன்னார். சம்பந்தி வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார், காபியைத் தொடவில்லை, நல்ல சார்ஜர் இரண்டை வேண்டாம் என்றிருக்கிறார். ஏதோ கேட்க வந்து கேட்க முடியாமல் போய்விட்டார் என்பது அவர்கள் முடிவு.

"நகையில எதுவும் கூடக் குறைய இருக்கான்னு அவிய கேட்டு வரச் சொன்னாவ, அண்ணாச்சி."

எலியேசருக்கு முகம் சிவந்துவிட்டது. கேட்கக் கூடாது என்பதற்காக இத்தனை பாடுபட்ட மனிதரைக் கேட்க வந்தவர் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பொன்னுராஜிடம் உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் எந்தப் போன் வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும், அவர்களுக்குத் தெரியாமல் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார்.

பொன்னுராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தம்பிகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தா..."

"அவன் அந்தப் பிள்ளை மூஞ்சியையே பார்க்கல. போனை எங்க பார்க்கப் போறான்?"

பொன்னுராஜுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, விசாரிக்கிறேன் என்று போனார்.

உபதேசியார் நல்ல மனிதர்; ஆனால் ரகசியமாகப் பேசுவது அவர் தொழிலில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் குருவானவரின் மனைவியிடம், ஜூடி கையில் என்ன போன் என்று கவனித்துச் சொல்லச் சொன்னார். அந்த அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரிடம் சொன்னாள். செயலாளர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள். வியாழக்கிழமை மாலைக்குள் ஊரில் பேச்சு இப்படி ஆகியிருந்தது: மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போனைச் சோதிக்கப் பார்க்கிறார்கள், பெண்ணுக்கு யாரோடோ பேச்சு இருப்பதாகச் சந்தேகப்படுகிறார்கள், அன்றைக்குச் சார்ஜ் போட வந்ததும் அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சாம்சனிடமிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார். தொனியில் சம்பந்தி இல்லை, தலைமை ஆசிரியர் இருந்தார்.

எலியேசர் வேஷ்டியை மாற்றிக்கொண்டு போனார். இந்த முறை போன் முழுச் சார்ஜில் இருந்தது. முன்னறையில் சாம்சன் உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தார்.

"எம் மக போனை நானே ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்ல. அடுத்தவங்க பார்க்கவும் விட மாட்டேன். அவளுக்கு எந்தப் பையனோடயும் ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. இதுல உங்களுக்குச் சந்தேகம்னா, நாளைக்கு மண்டபம் வேண்டாம்."

பரிசாக எந்தப் போன் வாங்குவது என்று பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். ஆனால் சொன்னால் அது கேட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். எலியேசர் வேறு பக்கமாகப் போனார்.

"சம்பந்தி, உங்க வளர்ப்பைச் சந்தேகப்பட்டா எம் வளர்ப்பை நானே சந்தேகப்பட்ட மாதிரி. எம் மகன் உங்க பிள்ளை போட்டோவைக்கூடப் பார்க்கல. ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டதில்ல. நாளைக்குத்தான் முதல் தடவையாக் கேக்கப் போறாங்க. இந்தக் காலத்துல இப்படி ரெண்டு வீடு எங்க இருக்கு? இதை நாளைக்கு நான் மைக்கைப் பிடிச்சே சொல்லுதேன்."

சாம்சன் இளகினார். அவருக்கும் இது ஒரு பெருமைதான். சொல்ல இடம் கிடைக்காமல் இருந்தது. "சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கேன்" என்றார். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். எலியேசர் இந்த முறை காபியை இரண்டு தம்ளர் குடித்தார். உள்ளேயிருந்து பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். என்ன அடக்கம் என்று எண்ணிக்கொண்டார்.

சம்பந்தம் தப்பிப் பிழைத்தது. போன் கேள்வி அப்படியே நின்றது. பஸ்ஸில் வரும்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இரண்டையும் வாங்கிவிடுவது. தட்டில் இரண்டையும் வைத்து அவளையே எடுக்கச் சொல்வது. எடுத்தது பெண்ணுக்கு, மற்றது மாப்பிள்ளைக்கு. அவள் கையால் எடுத்ததை அவள் எப்படி மாற்றுவாள்?

"இது என்னங்க, கடை போட்ட மாதிரி இருக்கு" என்றாள் தங்கபாய், அன்று மாலை இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு.

"குடுக்கிற வீடு இப்படித்தான் இருக்கும். அண்ணன் வந்து பார்க்கட்டும்."

வின்சி இரண்டையும் திறந்து, உடனே பேசுவதற்குத் தயாராக்கி வைத்தாள். எது எடுக்கப்படுகிறதோ அதில் புது சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். ஜெர்வின் அண்ணன் நம்பரையும் இப்போதே ஏற்றிவிடட்டுமா என்று கேட்டாள். எலியேசர் கூடாது என்றார். மகன் நம்பர் மருமகளுக்குப் போவது என்பது சின்ன விஷயமில்லை. அது தகப்பன் கையால் போக வேண்டும். வெள்ளைத் தாளில் பத்து எண்களையும் தம் கையெழுத்தில் பெரிதாக எழுதி, மஞ்சள் உறை ஒன்றுக்குள் வைத்து ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ராஜபாளையத்திலிருந்து இரண்டு வேனில் ஆள் வந்திருந்தது. தறிக்கூடத்து ஆட்களும் வந்திருந்தார்கள். தனுஷ்கோடி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு, வேத வாசிப்பு, மோதிரம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. பிறகு குருவானவர் எலியேசரிடம் மைக்கைக் கொடுத்தார்.

எலியேசர் சொன்னபடியே பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது என்றார். போனில் பழகி, போனில் சண்டை போட்டு, போனிலேயே பிரிந்துபோகிற காலம் என்றார். "ஆனா இந்த மேடையில நிக்கிற ரெண்டு பிள்ளைகளும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்ல. எம் மகன் நம்பர்கூட எம் மருமகளுக்குத் தெரியாது. அதை நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன்." மஞ்சள் உறையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் சாம்சன் கண் கலங்கி நின்றார். ஜெர்வின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜூடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலைக்குனிவைப் பார்த்துப் பெரியவர்கள் பலர் மனம் நிறைந்தார்கள்.

தங்கபாய் தட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு போன்களையும் பார்த்ததும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. ஐபோனைத்தான் எடுப்பாள் என்று பெண் வீட்டுப் பக்கம் ஒரு குரல். ஆண்ட்ராய்டு எடுத்தால் பிழைக்கத் தெரிந்த பிள்ளை என்று இன்னொரு குரல். தனுஷ்கோடி காலைக் கீழே இறக்கிவிட்டார்.

"உனக்கு எது பிடிக்குதோ எடும்மா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார் எலியேசர்.

ஜூடி ஒரு வினாடிகூடத் தயங்காமல் ஆண்ட்ராய்டை எடுத்தாள்.

எலியேசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். "ஏம்மா, அதுல என்ன பிடிச்சுது?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"இதுதான் மாமா எனக்குக் கை பழக்கம். ஐபோன் நல்லதுதான். ஆனா அதுல தமிழ் அடிச்சா எனக்கு வேகம் வராது."

இதைவிட நல்ல பதிலை எலியேசர் எதிர்பார்த்திருக்க முடியாது. தமிழும் வந்துவிட்டது, ஐபோனுக்கும் மரியாதை குறையவில்லை. அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தனுஷ்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வின்சி சிம்மைப் போட்டுக் கொடுத்தாள். இனி மாப்பிள்ளையை அழைக்கலாம் என்றார் குருவானவர். எலியேசர் மைக்கைச் சாம்சன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். எண்களைத் தாமே ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். கண்ணாடி வேஷ்டி மடிப்பில் சிக்கியிருந்தது. அதை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, உறையின் ஓரத்தைக் கிழிக்கப் போனார்.

ஜெர்வின் சட்டைப் பையில் மணி அடித்தது.

மண்டபமே கைதட்டியது. ஜெர்வின் எடுத்து ஹலோ என்றான். மேடையின் அந்தப் பக்கம் ஜூடி ஹலோ என்றாள். சாம்சன் கைதட்டினார். எலியேசரும் கைதட்டினார், கையில் உறை இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

கைதட்டல் அடங்கியது. முதல் வரிசைக்குப் பின்னால் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தாள். எலியேசரின் தறிக்கூடத்தில் முப்பது வருஷமாக நூல் சுற்றுகிறவள். பதினாறு தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுக்கு. அதை எங்கே எப்படிக் குறைப்பது என்று அவளுக்குத் தெரியாது.

"ஏன் முதலாளி, கவரு பிரிக்காம உங்க கையிலதான இருக்கு, பொறவு அந்தப் பிள்ளைக்கு நம்பர் யாரு சொன்னா?"